பழைய பிக்கப் வேனுக்கு மாற்று ரேடியேட்டர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

காய்கறி, பூ, வாழை பயிரிடும் விவசாயிகளில் பலர் இன்று சொந்தமாகச் சிறிய சரக்கு வேன் வைத்திருக்கின்றனர். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், திரும்பும்போது உரமும் விதையும் தீவனமும் ஏற்றி வரவும் வாடகை வண்டியை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. டாடா 207, மகேந்திரா பிக்கப் போன்ற இவ்வண்டிகளில் கணிசமானவை பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடி, இரண்டு மூன்று கைமாறி வந்தவை. இத்தகைய வண்டிகளில் எஞ்சினுக்கு அடுத்தபடியாகத் தொல்லை தரும் உறுப்பு ரேடியேட்டர்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு விடியற்காலையில் போய்ச் சேர வேண்டிய தக்காளிப் பாரம், எஞ்சின் சூடேறி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்றைய விலை போயிற்று. அத்துடன் நில்லாமல், "இன்னும் நாலு மைல்தானே" என்று சூடான எஞ்சினை ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் எரியும், மேலும் ஓட்டினால் பிஸ்டன் லைனரிலேயே பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டருக்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கு அப்போது செலவழிக்க நேரும். ஆகவே ரேடியேட்டர் மாற்றும் முடிவை வண்டி வழியில் நின்ற பிறகு அவசரத்தில் எடுப்பதைவிட, மாசி மாதத்திலேயே நிதானமாக எடுப்பது நல்லது. மாசி என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை நீர் சுமந்து சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட வேண்டும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, உள்ளே ஓடும் நீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 95 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். மார்கழிக் காலையில் காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 70 டிகிரி. சித்திரை நண்பகலில் காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு 55 டிகிரிதான். அதாவது அதே ரேடியேட்டரின் திறன் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடுகிறது. பாதி அடைத்துப்போன ரேடியேட்டர் பனிக்காலத்தில் ஒரு குறையும் காட்டாமல் ஓடி, கோடை பிறந்தவுடன் கைவிட்டுவிடுவதற்கு இதுவே காரணம். "நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது" என்று வண்டிக்காரர் வியப்பதில் பயனில்லை.

கோளாறு ரேடியேட்டரில்தானா?

எஞ்சின் சூடேறுகிறது என்றவுடன் ரேடியேட்டரை மாற்றிவிடுவது, பயிர் மஞ்சளாகிறது என்றவுடன் யூரியா போடுவதைப் போன்றது. இலை மஞ்சளாவதற்குப் பல காரணங்கள் இருப்பதுபோல எஞ்சின் சூடாவதற்கும் பல காரணங்கள் உள்ளன. புது ரேடியேட்டர் போட்ட பிறகும் சூடு குறையாமல் விவசாயி ஏமாறுவது உண்டு.

வண்டி எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சந்தை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் சூடேறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் சூடு தணிந்தால், நீரோட்டம் சரியாக உள்ளது; காற்றோட்டத்தில்தான் குறை. விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். விசிறியின் பிசுபிசுப்புக் கிளட்ச் செயலிழந்திருக்கலாம். விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கவர் உடைந்து காணாமல் போயிருக்கலாம். இந்தக் கவரை வேண்டாத தகரம் என்று கழற்றி எறிந்துவிடுபவர்கள் உள்ளனர். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு மாறாக, சமதளத்தில் மெதுவாகப் போகும்போது ஒழுங்காக இருந்து, பாரத்துடன் மேடேறும்போதும் வேகமாக ஓடும்போதும் மட்டும் சூடு ஏறினால், ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். கொடைக்கானலுக்கோ தாளவாடிக்கோ உரமூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இந்தக் குறை சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் போல ரேடியேட்டரைச் சோதிக்கும் கருவி எந்தப் பட்டறையிலும் இல்லை.

தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிவிட்டாலும் எஞ்சின் கொதிக்கும். அப்போது எஞ்சின் சூடேறியும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கும். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி வீசிவிடும் மெக்கானிக்குகள் இன்றும் உள்ளனர். இது தவறான யோசனை. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே நீர் குறுக்குவழியில் திரும்பும் பாதையையும் அடைக்கிறது. அதை நீக்கிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றிவரும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். மற்ற எஞ்சின்களிலோ எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் வீணாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. காலையில் எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, நீரை விளிம்புவரை நிரப்பி, எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வரும் சில குமிழிகள் ஒரு பொருட்டல்ல. ஆனால் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, நீர் பொங்கி வழிந்தாலோ, ஹெட் கேஸ்கெட் வழியாக எரிவாயு நீருக்குள் புகுகிறது என்று பொருள். எஞ்சின் ஆயில் மோர்போல் வெளுத்திருப்பதும் அதே கோளாற்றின் அடையாளமாகலாம். இந்நிலையில் எவ்வளவு நல்ல ரேடியேட்டர் வாங்கினாலும் பயனில்லை. முதலில் ஹெட்டைப் பார்க்க வேண்டும்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் திறந்த கணத்திலேயே நீராவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி அரை மணிக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறியிருந்தால் மட்டுமே திறக்கலாம். கொதிக்கும் எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றுவதும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் வார்ப்பு வெடிக்கக்கூடும்.

கிணற்று நீரின் உப்பு

ரேடியேட்டர் கெடுவதற்கு நம் பகுதிகளில் முதற் காரணம் போர்வெல் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைக்கும் அதே சுண்ணாம்பு உப்புதான் ரேடியேட்டரின் குழாய்களையும் அடைக்கிறது. நீர் சூடேறும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, சூடான இடத்தில் காரையாகப் படியும். இந்தக் காரை வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பு இரும்பைவிடப் பத்து மடங்குக்குமேல் மந்தமானது. ஆகவே எஞ்சினுக்குள் மெல்லிய ஒரு படிவம் ஏற்பட்டாலும் வெப்பம் நீருக்கு வந்துசேர்வதே தடைப்படுகிறது. ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களோ உள்ளே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியே உடையவை. அவை அடைபட அதிக நாள் பிடிக்காது.

குடிக்க ஆகும் தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகும் என்று எண்ணுவது தவறு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது. கனரக டீசல் எஞ்சின் தயாரிப்பாளர் விதிக்கும் வரம்போ கடினத்தன்மைக்கு 170, குளோரைடுக்கு 40 மில்லிகிராம் என்ற அளவில் உள்ளது. கரைந்துள்ள மொத்த உப்பு 340 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பாசன நீரை மண் ஆய்வுக் கூடத்தில் கொடுத்துச் சோதித்த விவசாயிகளிடம் அந்த முடிவுச் சீட்டு இருக்கும். அதில் மின்கடத்தும் திறன் என்ற இனத்தில் 0.5 டெசிசைமன்ஸுக்குமேல் காட்டியிருந்தால் அந்த நீரை ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டாம். பயிருக்கு அது மிக நல்ல நீராகவே இருக்கலாம், எஞ்சினுக்கு ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரே பாதுகாப்பானது. முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வடிகட்டிய மழைநீரும் உதவும். ஆனால் உப்பில்லாத நீரானாலும் தனியே ஊற்றினால் உலோகத்தை அரிக்கும் என்பதால் கூலண்ட் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

சுத்தம் செய்வதா, மாற்றுவதா?

பழைய வண்டிகளில் செம்புத் தகடும் பித்தளைக் குழாயும் ஈயப்பற்றினால் இணைக்கப்பட்ட ரேடியேட்டர்கள் இருக்கும். இவற்றைப் பழுதுபார்க்க இயலும். ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பியைச் செலுத்திக் காரையைத் தள்ளி, மீண்டும் பற்றவைத்துத் தருவார்கள். குழாய்கள் உறுதியாக இருந்து, தகடுகள் குழாய்களோடு ஒட்டியிருந்தால் இச்சிகிச்சை போதும். விரலால் மெல்லத் தேய்த்தாலே தகடுகள் பொடியாக உதிர்ந்தால் கம்பி விடுவது வீண் செலவு. தகடு ஒட்டாத குழாய் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்காது. அப்போது டேங்குகளை வைத்துக்கொண்டு நடுக் கோரை மட்டும் புதிதாகப் போடலாம். மேல், கீழ் டேங்குகள் கனமான பித்தளையாக இருந்து நசுங்காமல் இருந்தால், கோர் மாற்றுவதே பல சமயம் சிக்கனமானதும் நீடித்து உழைப்பதும் ஆகும். வண்டியின் தாங்கிகளும் ஹோஸ் வாய்களும் பழையபடியே இருப்பதால் பொருத்துவதில் சிக்கலும் வராது.

ஒழுகும் குழாய்களை இரு முனையிலும் ஈயம் வைத்து அடைத்துவிடுவது மற்றொரு வழி. நாற்பது, ஐம்பது குழாய்களில் ஒன்றிரண்டை அடைத்தால் கெடுதி இல்லை. ஐந்தாறு அடைத்தபின் கோடையில் அதை நம்பிப் பாரம் ஏற்றக் கூடாது.

மஞ்சள்தூளைப் போட்டு ஒழுக்கை நிறுத்தும் வழக்கம் லாரி ஓட்டுநர்களிடம் நெடுநாளாக உண்டு. நடுவழியில் ஊர் வந்துசேர அது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் மஞ்சள், நல்ல குழாயையும் அடைக்கும். ஊர் வந்ததும் நீரை முழுதும் இறக்கிக் கழுவிவிட வேண்டும். கடையில் விற்கும் ஒழுக்கு அடைக்கும் மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

பிற்காலத்து வண்டிகளில் அலுமினியக் கோரின் இருபுறமும் பிளாஸ்டிக் டேங்க் வைத்து, இடையே ரப்பர் கேஸ்கெட் கொடுத்து மடித்திருப்பார்கள். இவற்றில் கம்பி விட முடியாது; ஈயப்பற்றும் பிடிக்காது. நாளடைவில் பிளாஸ்டிக் சூட்டினால் இறுகி, ஹோஸ் வாயின் அடியிலோ மடிப்பின் ஓரத்திலோ வெடிக்கும். டேங்க் வெடித்த வகையைப் பசை போட்டு ஒட்டி ஓட்டுவது ஆபத்தானது. முழுதாக மாற்றிவிடுவதே முறை.

செம்பா, அலுமினியமா?

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு திறமையானது என்பது உண்மை. அதைக் கொண்டு செம்பு ரேடியேட்டர்தான் குளிர்ச்சி என்று முடிவு செய்துவிட முடியாது. செம்பு ரேடியேட்டரில் நீர் ஓடும் குழாய் பித்தளை, இணைப்பு ஈயம். இவ்விரண்டும் அலுமினியத்தைவிட மந்தமானவை. அலுமினியக் கோரிலோ குழாயும் தகடும் ஒரே உலோகமாக உலையில் உருக்கிச் சேர்க்கப்படுகின்றன. குழாய்களை அகலமாகவும் அமைக்க முடிகிறது. ஆகவே நன்கு செய்யப்பட்ட அலுமினிய ரேடியேட்டர், அதே அளவுள்ள செம்பு ரேடியேட்டருக்குக் குளிர்விப்பதில் இளைத்ததன்று. எடையும் குறைவு.

அப்படியானால் எதை வாங்குவது? பழுதுபார்க்கும் வசதியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வண்டி சிற்றூரில் ஓடுகிறது, அருகே நல்ல ஈயப்பற்றுப் பட்டறை இருக்கிறது, பழைய செம்பு ரேடியேட்டரின் டேங்குகள் நன்றாக உள்ளன என்றால் செம்பிலேயே நிற்பது மேல். கல்லடியோ, கிளை குத்தியோ ஓட்டை விழுந்தால் அன்றே சரிசெய்து கொள்ளலாம். கம்பெனியிலிருந்து அலுமினியத்துடன் வந்த வண்டியானால் அலுமினியத்தையே போட வேண்டும். அதில் செம்பு ரேடியேட்டரைத் திணிக்க முயன்றால் தாங்கி, விசிறிக் கவர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

அலுமினியத்தில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நீரைச் சுத்தம் செய்யச் சலவைச் சோடா போட்டுக் கழுவும் பழக்கம் பலரிடம் உள்ளது. செம்புக்கும் இரும்புக்கும் அது கெடுதி செய்வதில்லை. அலுமினியத்தையோ சோடாவின் காரம் தின்றுவிடும். அடுத்தது, வண்டியின் எர்த் ஒயர் சரியாக இல்லாவிட்டால் மின்சாரம் நீர் வழியாகப் பாய்ந்து அலுமினியத்தில் ஊசிக்கண் போன்ற துளைகளை ஏற்படுத்தும். எலெக்ட்ரீசியனிடம் உள்ள வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை உலோகத்தில் படாமல் ரேடியேட்டர் நீரிலும் வைத்துப் பார்க்கலாம். எஞ்சின் ஓடி, விளக்குகள் எரியும்போது 0.1 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகே புது ரேடியேட்டரைப் பொருத்த வேண்டும்.

அளவு பார்த்து வாங்குதல்

கடைக்குப் போய் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி ரேடியேட்டர் கேட்பதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஒரே பெயரில் பல ஆண்டுகள் வந்த வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்கும். டர்போ உள்ளது, இல்லாதது, ஏ.சி. உள்ளது, இல்லாதது என்று வேறுபாடு இருக்கும். கைமாறி வந்த வண்டியில் எஞ்சினே மாற்றப்பட்டிருக்கவும் கூடும். ஆதலால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு மாதம் ஆகியவற்றைக் குறித்துச் செல்ல வேண்டும். இயன்றால் பழைய ரேடியேட்டரையே கழற்றி எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் ஏமாறாது.

டேங்குகளை விட்டுவிட்டு நடுக் கோரை மட்டும் அளக்க வேண்டும். காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பே முதன்மையானது. பழைய கோர் 45 சென்டிமீட்டர் உயரமும் 50 சென்டிமீட்டர் அகலமும் என்றால் பரப்பு 2,250 சதுர சென்டிமீட்டர். "கொஞ்சம்தான் சிறியது" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கோர் 42-க்கு 47 என்றால் பரப்பு 1,974-தான். பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் குறைவில் எட்டில் ஒரு பங்குப் பரப்பு போய்விடுகிறது. சித்திரை வெயில் ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் ஐந்தில் ஒரு பங்குடன் இதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிறுமையின் விலை தெரியும்.

அடுத்து வரிசை. இரண்டு வரிசைக் குழாய், மூன்று வரிசை, நான்கு வரிசை என்று விற்பார்கள். வரிசை கூடக் கூடக் குளிர்ச்சியும் அதே விகிதத்தில் கூடும் என்று எண்ணக் கூடாது. முதல் வரிசையைக் கடக்கும்போதே காற்று சூடாகிவிடுவதால், பின் வரிசைகள் எடுக்கும் வெப்பம் படிப்படியாகக் குறைகிறது. கனம் அதிகமானால் காற்று ஊடுருவுவதும் கடினமாகும். கோர் பின்னோக்கித் தடித்து விசிறிக்கு மிக அருகில் வந்துவிட்டால், மேடுபள்ளத்தில் எஞ்சின் ஆடும்போது விசிறி இறகு கோரைக் கிழித்துவிடும். பழைய அளவில் இரண்டு வரிசை இருந்த இடத்தில் மூன்று வரிசை போட இடமிருந்தால் போடலாம்; நான்கு வேண்டியதில்லை.

விவசாயிகள் தனியே கவனிக்க வேண்டியது தகடுகளின் நெருக்கம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தகடு என்று கணக்கிடுவார்கள். நெருக்கம் அதிகமானால் தார்ச்சாலையில் நல்ல குளிர்ச்சி தரும். ஆனால் களத்துமேட்டிலும் மண் பாதையிலும் ஓடும் வண்டியில் பதரும் வைக்கோல் தூசும் பூச்சியும் அந்த நெருக்கத்தில் சிக்கிக்கொள்ளும். அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் ஏற்றும் வண்டிக்குச் சற்றுக் கலக்கமான தகடே உகந்தது. தகடுகளில் அடைந்த தூசியை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறுகும். பவர் ஸ்பிரேயரின் முழு வேகத்தில் அருகிலிருந்து அடித்தால் தகடுகள் மடிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் மெதுவாகச் செய்ய வேண்டும்.

ஹோஸ் வாய்களின் விட்டமும் இடமும், தாங்கும் ரப்பர்களின் இடம், நீர் இறக்கும் திருகு, விசிறிக் கவருக்கான துளைகள் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கவருக்குத் துளை இல்லாத ரேடியேட்டரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். கடையிலேயே வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தரச் சொல்லலாம். நல்ல வியாபாரி இதற்கு மறுக்கமாட்டார்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கழற்றிய ரேடியேட்டர்கள் கிடைக்கின்றன. பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ கோடாக வழிந்த தடம் இருந்தால் அது ஒழுகியது. புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தால் அதன்கீழ் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டுப் பயனில்லை. மூடி வழியாக விரலையும் டார்ச் விளக்கையும் விட்டுப் பார்த்து, குழாய் வாய்களில் வெண்காரை தெரிந்தால் விட்டுவிட வேண்டும். உள்ளே காரை உள்ள பழைய அலுமினிய ரேடியேட்டரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

மூடி சிறிதாயினும்

ரேடியேட்டர் மூடி ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தை நிறுத்தி, நீர் கொதிக்கும் சூட்டை உயர்த்துவதே அதன் பணி. சமதளத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையேறும் வண்டிக்கு மூடி எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம். சமதளத்தில் 0.5 என்று குறித்த மூடியுடன் நீர் ஏறத்தாழ 111 டிகிரி வரையும், 0.9 மூடியுடன் 118 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகவும் கொதிக்காமல் தாங்கும்.

அதற்காக, பழைய ஈயப்பற்று ரேடியேட்டருக்கு 1.1 மூடியைப் போட்டால் நல்லது என்று கருதக் கூடாது. குறைந்த அழுத்தத்துக்காகச் செய்த பற்றுகள் விட்டுவிடும். வண்டிக் கையேட்டில் சொன்ன எண்ணையே போட வேண்டும். புது ரேடியேட்டருடன் புது மூடியும் வாங்கிவிட வேண்டும். பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது ரேடியேட்டரும் பழையதுபோலவே கொதிக்கும். குற்றம் ரேடியேட்டர் மேல் விழும்.

பொருத்தும்போது

காரை படிந்த எஞ்சினைக் கழுவாமல் புது ரேடியேட்டரைப் பொருத்தினால், எஞ்சினிலிருந்து கழன்று வரும் துருவும் செதிலும் சில வாரங்களிலேயே புதுக் குழாய்களை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீர் தெளியும்வரை எஞ்சினுக்குள் சுத்தமான நீரைச் செலுத்திக் கழுவிய பிறகே புதியதை இணைக்க வேண்டும். மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்த்து, ஊதியிருந்தாலோ, வெடிப்போ இருந்தாலோ அவற்றையும் மாற்றிவிட வேண்டும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஒழுக்குத் தடம் இருந்தால் பம்பையும் இப்போதே பார்த்துவிடுவது கூலி மிச்சம்.

கூலண்டின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை தயாரிப்பாளர் கலக்கும் சாயமே. செம்பு, ஈயப்பற்று உள்ள ரேடியேட்டருக்கு ஏற்றதா, அலுமினியத்துக்கு ஏற்றதா என்று டப்பாவில் படித்து வாங்க வேண்டும். இருவகைக் கூலண்டுகளை ஒன்றாகக் கலக்கவும் கூடாது. டப்பாவில் கலப்பதற்கென்று இருப்பதும் உண்டு. அப்படியே ஊற்றுவதற்கென்று முன்பே கலந்து விற்பதும் உண்டு. கலக்கும் வகையானால், பாதிக்குப் பாதி என்ற அளவைத் தாண்ட வேண்டாம். கூலண்ட் அதிகமானால் குளிர்ச்சி அதிகம் என்பது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் நீரே சிறந்தது. கூலண்ட் அரிப்பைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவுமே கலக்கப்படுகிறது.

ஊற்றும்போது மெதுவாக ஊற்றி, எஞ்சினை மூடி திறந்த நிலையில் சிறிது நேரம் ஓடவிட்டு, உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறி நீர்மட்டம் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். மறுநாள் காலையில் எஞ்சின் குளிர்ந்த பிறகு மறுபடி மட்டம் பார்ப்பது அவசியம். முதல் வாரம் பாரமில்லாமல் அல்லது பாதிப் பாரத்துடன் ஓட்டி, கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிய பின்பே மலைக்கு அனுப்பலாம்.

கீழே இறக்கிய பழைய கூலண்டைத் தொழுவத்தின் அருகிலோ வாய்க்காலிலோ விட்டுவிடக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. கன்றும் ஆடும் நாயும் விரும்பி நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்கிவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. மூடியுள்ள கேனில் பிடித்து, பட்டறைக்காரரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். கூலண்ட் டப்பாவைத் தண்ணீர் மொள்ளப் பயன்படுத்துவதும் கூடாது.

மாற்றிய பழைய ரேடியேட்டர் செம்பானால் அதைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். செம்புக்கும் பித்தளைக்கும் பழைய உலோகக் கடையில் எப்போதும் நல்ல விலை உண்டு. அலுமினியத்தின் விலை அதைவிட மிகக் குறைவு. நீரை வடித்து, இரும்புத் தாங்கிகளைக் கழற்றி, எடை போட்டு, அந்த விலையைத் தெரிந்துகொண்ட பிறகே புதியதற்கு எக்ஸ்சேஞ்ச் பேச வேண்டும்.